லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி, வாடகை குறைவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் வாடகைக்கு வீடு தேடும் எல்லோருக்கும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த வீடு வந்து சேரும். நல்ல ஏரியா, ஸ்டேஷன் பக்கம், இரண்டு பெட்ரூம், வெளிச்சம், காற்று. வாடகை மட்டும் அக்கம்பக்கத்தைவிட நாலாயிரம் ஐயாயிரம் குறைவு. எல்லாம் காட்டி முடித்த பிறகு, படியில் ஏறும்போதுதான் புரோக்கர் சொல்வார்: "சார், தேர்ட் ஃப்ளோர். லிஃப்ட் கிடையாது." மேற்கு மாம்பலத்தில் அப்படி ஒரு பழைய அபார்ட்மென்ட்டின் உச்சி மாடியில் நான் குடியிருப்பதால், வீடு தேடும் நண்பர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் என்னிடம் வந்து கேட்பது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

தினமும் மூன்று மாடி ஏறி இறங்க முடியுமா?

முடியும். முழங்கால், இதயம், மூச்சு சம்பந்தமான தொந்தரவு இல்லாதவர்களுக்குச் சில வாரங்களில் பழகிவிடும். அதற்கப்புறம் ஏறுவதே நினைவில் இருக்காது. ஒரு தளம் சுமார் பத்தடி உயரம், ஒரு படி சுமார் ஆறு அங்குலம் என்று வைத்தால் மாடிக்கு இருபது படி, மூன்று மாடிக்கு அறுபது. பெரிய விஷயம் இல்லை.

ஆனால் எல்லோரும் இந்தக் கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வெறுங்கையோடு ஏறுவது பழகும். கையில் தண்ணீர்க் கேனும் அரிசி மூட்டையும் தூங்கிப்போன குழந்தையும் இருக்கும்போது ஏறுவது பழகாது. தலைக்கு மேலே இருக்கும் மொட்டை மாடியின் சூடு பழகாது. ஏற முடியாதவர்கள் உங்கள் வீட்டுக்கு வராமலே போவதும் பழகாது. வாடகை குறைவதற்கான விலையை இந்த மூன்றிலும்தான் கொடுக்கிறோம், கால் வலியில் இல்லை. அதனால் "என்னால் ஏற முடியுமா" என்று யோசிப்பதைவிட "யார் யார், எதையெல்லாம் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியிருக்கும்" என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

இந்த மாதிரி வீடுகள் எங்கே கிடைக்கும்?

தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடி, லிஃப்ட் இல்லை என்பது சென்னையில் ஒரு காலத்தில் சர்வ சாதாரணம். மாம்பலம், கோடம்பாக்கம், கே.கே. நகர், நங்கநல்லூர், ஆதம்பாக்கம், குரோம்பேட்டை, பெரம்பூர், வில்லிவாக்கம் என்று எந்தப் பழைய குடியிருப்புப் பகுதியில் நடந்தாலும் கண்ணில் படும். வீட்டு வசதி வாரியத்தின் பழைய பிளாக்குகளிலும் உண்டு. இணையத்தில் தேடுவதோடு நிற்காமல் தெருவில் நடந்து பாருங்கள். இந்த வீடுகளில் பல இன்னமும் பால்கனிக் கம்பியில் தொங்கும் டூலெட் அட்டையோடுதான் இருக்கின்றன. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவருக்கு எந்த வீடு எப்போது காலியாகிறது என்பது ஓனருக்குத் தெரிவதற்கு முன்பே தெரியும். புரோக்கர் கமிஷனாக ஒரு மாத வாடகை மிச்சம்.

ஒரு எச்சரிக்கை. ஸ்டில்ட் பார்க்கிங், அதாவது அடியில் தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் இடம் வைத்த கட்டடங்களில் மாடி எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும். பார்க்கிங்குக்கு மேலே இருப்பதையே தரைத்தளம் என்று கணக்கு வைப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே "இரண்டாவது மாடி" என்று போனில் சொன்னால் உண்மையில் மூன்று ஏற்றம். மாடியைக் கேட்காதீர்கள், படியை எண்ணுங்கள்.

வாடகை எவ்வளவு குறைந்தால் லாபம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அதே தெருவில் லிஃப்ட் உள்ள வீடு 18,000, இது 13,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 4,500. இதிலிருந்து கழிக்க வேண்டியவை: தண்ணீர்க் கேனுக்கு மாடிக் காசு, சிலிண்டர்காரருக்குக் கொடுப்பது, "மூணாவது மாடியா?" என்று கேட்டுவிட்டு வேலைக்கு வரும் அக்கா கூடுதலாகக் கேட்பது, கோடையில் ஏ.சி. கூடுதலாக ஓடுவது, கீழே போக அலுத்துப்போய் ஆர்டர் செய்யும் பொருட்களுக்கான டெலிவரி கட்டணம். கடைசியாகச் சொன்னதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கொத்தமல்லிக் கட்டு ஒன்றுக்காக மறுபடி இறங்கி ஏற மனசு வராது, போனை எடுத்துவிடுவோம்.

இதெல்லாம் சேர்ந்து வருஷ சராசரியாக மாதம் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு வரை இழுக்கும். மீதி மூவாயிரம் கையில் நிற்கும் என்றால் போகலாம். வித்தியாசமே இரண்டாயிரத்துக்குள் என்றால் என் கருத்தில் வேண்டாம். பேரம் பேசுங்கள், அல்லது வேறு வீடு பாருங்கள்.

குடிதண்ணீர் மேலே வருமா?

வீடு பார்க்கும்போது கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது. "தண்ணி ப்ராப்ளமே இல்லைங்க, இருபத்திநாலு மணி நேரமும் வரும்" என்று ஓனர் சொன்னால் அது பெரும்பாலும் போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். குடிநீர் வாரியம் குழாயில் விடும் மெட்ரோ வாட்டர் வேறு கதை.

பழைய அபார்ட்மென்ட்களில் பொதுவாக மூன்று ஏற்பாடுகளைப் பார்க்கலாம். முதலாவது, மெட்ரோ தண்ணீர் தனி சம்ப்பில் (தரைக்கடியில் இருக்கும் தொட்டியில்) விழுந்து, தனி மோட்டாரில் மேலே தனி டேங்குக்கு ஏறி, சமையலறையில் ஒரு குழாயில் வரும். இதுதான் சொர்க்கம். இரண்டாவது, மெட்ரோவும் போரும் லாரித் தண்ணீரும் ஒரே சம்ப்பில் கலந்து மேலே ஏறும். துவைக்க, குளிக்கச் சரி, குடிக்க வடிகட்டியோ கேனோ வேண்டும். மூன்றாவது, மெட்ரோ தண்ணீர் கீழே இருக்கும் அடிபம்போடு நின்றுவிடும். விடியற்காலையில் தண்ணீர் விடும் நேரத்தில் இறங்கிப் போய் அடித்து, குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும்.

மூன்றாவது வகை என்றால் நன்றாக யோசியுங்கள். குடிக்கவும் சமைக்கவும் மூன்று பேருக்கு நாளைக்குக் குறைந்தது பதினைந்து லிட்டராவது வேண்டும். பதினைந்து லிட்டர் என்றால் பதினைந்து கிலோ, குடத்தின் எடை தனி. கேன் வாங்கினால் இருபது லிட்டர், இருபது கிலோவுக்கு மேல். கேன் போடும் தம்பி மேலே கொண்டுவந்து வைப்பாரா, படியடியிலேயே வைத்துவிட்டுப் போவாரா என்பதைக் குடிவருவதற்கு முன்பே எதிர் வீட்டில் விசாரித்துக்கொள்ளுங்கள். மாடிக்கு இவ்வளவு என்று சேர்த்து வாங்குவது வழக்கம். அதில் பேரம் பேசாதீர்கள். மழை நாளிலும் அவர்தான் தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

கோடையில் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அந்த நாட்களில் உங்கள் கட்டடம் எப்படிச் சமாளித்தது, போர் வற்றியதா, லாரித் தண்ணீருக்கான செலவை ஓனர் கொடுத்தாரா அல்லது குடியிருந்தவர்கள் தலையில் விழுந்ததா? அப்போது அங்கே இருந்த யாராவது ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரிடம் ஐந்து நிமிஷம் பேசினால் புரோக்கரிடம் ஒரு மணி நேரம் பேசியதைவிட அதிகம் தெரிந்துகொள்ளலாம்.

உச்சி மாடியில் ஷவரில் தண்ணீர் சொட்டுகிறதே, குழாய் அடைப்பா?

பெரும்பாலும் இல்லை. மேல்நிலைத் தொட்டி உங்கள் தலைக்கு நேர் மேலே, சில அடி உயரத்தில்தான் இருக்கிறது. கீழ்வீட்டுக்கு அதே தண்ணீர் முப்பது அடி விழுவதால் வேகம் வருகிறது, உங்களுக்கு வராது. ஷவரை மறந்துவிட்டு வாளியும் சொம்பும் வைத்துக்கொள்ளலாம். வாஷிங் மெஷின் வைத்திருப்பவர்கள் அது நிரம்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். குறைந்த அழுத்தத்தில் சில மெஷின்கள் பிழை காட்டி நின்றுவிடும். அதற்குச் சின்ன பிரஷர் பம்ப் கிடைக்கிறது. சுவரில் மாட்டும் ஆர்.ஓ. வடிகட்டி வாங்குவதாக இருந்தால் உள்ளே பம்ப் வைத்த மாடலாகப் பாருங்கள்.

இன்னொன்று. மே மாதம் பகல் இரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும். கருப்பு சின்டெக்ஸ் டேங்க் நாள் முழுக்க வெயிலில் நிற்கிறதே! காலையிலேயே இரண்டு வாளி பிடித்து பாத்ரூமுக்குள் வைத்துவிடுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

வெயில் அவ்வளவு மோசமா?

மோசம்தான். படிக்கட்டைப் பற்றிப் பயந்து கேட்கிறவர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை. நானாக இருந்தால் இதைத்தான் முதலில் கேட்பேன்.

நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. அவ்வளவு போக வேண்டாம், சாதாரணக் கத்திரி வெயிலே போதும். கான்கிரீட் தளம் பகல் முழுக்கச் சூட்டை உறிஞ்சிக்கொண்டு, சூரியன் இறங்கிய பிறகு மெதுவாக உள்ளே விடும். அதனால்தான் உச்சி மாடி வீட்டில் மத்தியானத்தைவிட ராத்திரி பத்து மணிக்குப் புழுக்கம் அதிகம். ஃபேன் போட்டால் சூடான காற்றைத்தான் கீழே தள்ளும். வெளியே கடல் காற்று ஜிலுஜிலுவென்று வீசிக்கொண்டிருக்கும், உள்ளே சீலிங் கொதித்துக்கொண்டிருக்கும்.

செய்யக்கூடியவை சில உண்டு. மிகப் பலனளிப்பது மொட்டை மாடியை வெள்ளையாக்குவது. வெயிலைத் திருப்பியடிக்கும் கூல் ரூஃப் பெயின்ட் கடைகளில் கிடைக்கிறது, சுண்ணாம்பு அடித்தாலே வித்தியாசம் தெரியும். ஆனால் மொட்டை மாடி உங்களுடையது இல்லை. ஓனரிடம், அபார்ட்மென்ட் என்றால் அசோசியேஷனிடமும் கேட்க வேண்டும். இதைக் குடிபோவதற்கு முன் பேசுங்கள், அட்வான்ஸ் கைமாறிய பிறகு யாரும் காது கொடுக்க மாட்டார்கள். "வாடகையில் ஐந்நூறு குறைக்க வேண்டாம், மாடிக்கு ஒருமுறை வெள்ளை அடித்துக் கொடுங்கள்" என்று கேட்பது நல்ல பேரம். அவருக்கும் தளம் காக்கப்படுகிறது, அதனால் ஒப்புக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

அனுமதி கிடைக்காவிட்டால், படுக்கையறைக்கு மேலே வரும் பகுதியில் மட்டுமாவது தென்னங்கீற்றோ பச்சை வலையோ போடக் கேட்டுப் பாருங்கள். சாயங்காலம் மாடியில் தண்ணீர் தெளிக்கலாம், தண்ணீர் இருக்கும் காலத்தில். மேற்குச் சுவரில் ஜன்னல் இருந்தால் மதியத்துக்கு மேல் தடித்த திரை. கிழக்கு, தெற்கு ஜன்னல்களை மாலையில் திறந்து வைத்தால் கடல் காற்று உள்ளே வரும், எதிரே அடுத்த கட்டடத்துச் சுவர் மறைக்காமல் இருந்தால்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் மெட்ராஸ் டெரஸ் தளம் போட்ட பழைய வீடு கிடைத்தால் பயப்பட வேண்டாம். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லை நிறுத்தி வைத்து, சுண்ணாம்புக் கலவை போட்டுக் கட்டிய தளம் அது. கான்கிரீட்டைப் போல் அவ்வளவு கொதிக்காது. ஒழுகாமல் இருக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி.

ஏ.சி. போட்டால் கரண்ட் பில் எவ்வளவு வரும்?

வீட்டைப் பொறுத்தது, ஆனால் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, வீட்டுக்குத் தனி ஈ.பி. இணைப்பு இருக்கிறதா, ஓனரின் ஒரே இணைப்பிலிருந்து பிரித்து வைத்த சப் மீட்டரா. தனி இணைப்பு என்றால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கு வரும், பில்லும் வாரியத்தின் விலைப்படி. சப் மீட்டர் என்றால் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் சொல்லும் விலை. அது வாடகையில் கிடைத்த சலுகையைச் சத்தமில்லாமல் தின்றுவிடும். இரண்டு, 500 யூனிட் கோடு. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டியதற்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழ்ப்படியில் இருக்கும் யூனிட்டுகளின் விலையும் கூடுகிறது. உச்சி மாடியில் ஏப்ரல், மே, ஜூனில் இந்தக் கோட்டைத் தாண்டுவது சுலபம். பழைய குடித்தனக்காரரின் மே மாத பில்லைக் காட்டச் சொல்லுங்கள். சர்வீஸ் நம்பர் கிடைத்தால் பழைய கணக்கையே பார்த்துவிடலாம்.

ஏ.சி. வாங்குவதற்கு முன் சீலிங் சூட்டைக் குறையுங்கள். கொதிக்கிற தளத்துக்குக் கீழே ஒரு டன் மெஷின் ராத்திரி முழுக்க நிற்காமல் ஓடும், அறை குளிராது.

மழைக் காலத்தில் ஒழுகுமா?

வீடு பார்ப்பது பெரும்பாலும் கோடையில், ஒழுகுவது ஐப்பசி, கார்த்திகையில். அதனால் நேரில் பார்த்து உறுதி செய்ய முடியாது, தடயம்தான் பார்க்க வேண்டும். சீலிங் மூலைகளில் மஞ்சள் வளையம், பரணுக்குள் பூஞ்சை வாடை, சுவரில் பெயின்ட் கொப்பளித்திருப்பது, ஒரே ஒரு அறைக்கு மட்டும் புதுசாகப் பெயின்ட் அடித்திருப்பது. கடைசியாகச் சொன்னதைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள். மாடிக்குப் போய் மழைநீர் இறங்கும் குழாய்களின் வாயையும் பாருங்கள், இலை அடைத்துக் கிடந்தால் தண்ணீர் தேங்கித்தான் இருக்கும். தளம் ஒழுகினால் சரி செய்வது உரிமையாளர் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

வெள்ளம் வந்தால் மூன்றாவது மாடி பாதுகாப்புதானே?

சாமான்களுக்குப் பாதுகாப்பு. 2015 டிசம்பரில் அடையாறு பொங்கியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தரைத்தளத்தில் இருந்தவர்கள் ஃப்ரிட்ஜ், கட்டில், சான்றிதழ்கள், வண்டி என்று இழந்தது எல்லோருக்கும் தெரியும். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் வீடு தேடுகிறீர்கள் என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே நான் லிஃப்ட் இல்லாத மேல்மாடியைத் தேர்ந்தெடுப்பேன்.

ஆனால் கரண்டை நிறுத்திவிடுவார்கள், மோட்டார் ஓடாது, மேலே தொட்டி காலியானால் அவ்வளவுதான். புயல் எச்சரிக்கை வந்ததும் தொட்டி நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள், இரண்டு கேன் கூடுதலாக வாங்கி வையுங்கள், வாளி, அண்டா எல்லாம் பிடித்து வையுங்கள். இன்னொன்றும் நடக்கும்: கீழ்வீட்டுக்காரர்கள் உங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அரிசி, பருப்பை அதற்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வண்டியை மட்டும் மேடான தெருவில் நிறுத்த மறக்காதீர்கள்.

சாமான்களை மேலே ஏற்றுவது எப்படி? எந்த மாதம் குடிபோகலாம்?

குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டிக்காரரிடம் பேசும்போதே "மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை" என்று சொல்லிவிடுங்கள். வந்து இறங்கிய பிறகு சொன்னால் கூலி இரட்டிப்பாகும், சண்டையும் வரும். ஏற்றுகூலி மாடிக்கணக்கில்தான். பீரோ, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷினுக்குத் தனியாகப் பேசுவார்கள்.

படியின் அகலத்தைவிட முக்கியம் திருப்பத்தின் அகலம். பழைய கட்டடங்களில் படி திரும்பும் இடத்தில் இரும்பு பீரோ மாட்டிக்கொள்ளும். வீடு பார்க்கப் போகும்போதே டேப் எடுத்துப் போய் அளந்துவிடுங்கள். திரும்பாது என்றால் பால்கனி வழியாகக் கயிறு கட்டி இழுக்க வேண்டும், அதற்குப் பழகிய ஆட்கள் வேண்டும், கீழ்வீட்டு ஜன்னல் சன்ஷேடும் தப்ப வேண்டும். அதற்குப் பதில் பீரோவைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு, கழற்றி மாட்டும் அலமாரி வாங்கிக்கொள்வது உத்தமம். புத்தகங்களைச் சின்னச் சின்னப் பெட்டியில் போடுங்கள். பெரிய பெட்டி நிறையப் புத்தகம் அடுக்கினால் இரண்டாவது மாடியிலேயே ஒருவர் உட்கார்ந்துவிடுவார்.

மாதம் என்று கேட்டால், ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீடு மாற மாட்டார்கள். பள்ளி திறக்கும் முன் மே, ஜூனில் எல்லோரும் மாறுவார்கள். ஆகவே ஆனி கடைசியில் காலியாகவே நிற்கும் வீட்டின் ஓனருக்கு இன்னும் ஒரு மாத வாடகை போய்விடுமே என்ற கவலை இருக்கும், அதுவும் லிஃப்ட் இல்லாத வீடு என்றால். அந்த நேரம் பேசுங்கள். ஆடி பிறப்பதற்கு முன் நல்ல நாளில் பால் காய்ச்சிவிட்டு, சாமானை மெதுவாக ஏற்றிக்கொள்ளலாம். சாஸ்திரம் பார்க்காதவர் என்றால் இன்னும் சௌகரியம், ஆடியிலேயே போகலாம். பேரம் உங்கள் பக்கம்.

சிலிண்டர், பால், குப்பை எல்லாம்?

நிரம்பிய சிலிண்டர் முப்பது கிலோ வரும், அதில் எரிவாயு 14.2 கிலோ. பில்லில் உள்ள தொகைக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை என்பது விதி. மூன்று மாடி தோளில் தூக்கி வருகிறவரைப் பார்த்து விதி பேச எனக்கு வாய் வருவதில்லை. கொடுத்துவிடுங்கள்.

பாலுக்கும் பேப்பருக்கும் கயிறு கட்டிய பை. பால்கனியிலிருந்து இறக்கினால் போடுவார்கள், இழுத்துக்கொள்ளலாம். தெருவில் வரும் காய்கறி வண்டிக்கும் அதேதான், மேலிருந்து "அண்ணே, தக்காளி எவ்வளவு?" என்று கேட்டே வாங்கலாம், சொத்தை இல்லாமல் வரும் என்று உத்தரவாதம் இல்லை. குப்பை மட்டும் நீங்களே கொண்டுபோக வேண்டும். மாநகராட்சி வண்டி வரும் நேரத்தைத் தெரிந்துகொண்டு, அலுவலகம் கிளம்பும்போது சேர்த்து எடுத்துப் போவது சுலபம்.

வயசான அப்பா அம்மா, கைக்குழந்தை இருந்தால்?

இதற்கு நான் வளைத்துப் பேச மாட்டேன். முழங்கால் வலி உள்ள பெரியவர் நிரந்தரமாக உங்களோடு இருக்கப் போகிறார் என்றால் வேண்டாம். அவர் ஏறிவிடுவார், பிரச்சினை ஏறுவதில் இல்லை. ஏறிய பிறகு இறங்கமாட்டார். கோயில், பூங்கா, எதிர்வீட்டுத் திண்ணைப் பேச்சு எல்லாம் நின்று, டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவார். ராத்திரியில் உடம்புக்கு முடியாமல் போனால் ஸ்ட்ரெச்சர் திரும்பாத படிக்கட்டில் நாற்காலியில் உட்காரவைத்துத்தான் தூக்கி இறக்க வேண்டியிருக்கும். வாடகையில் மிச்சமாகும் மூவாயிரம் இதற்கு ஈடில்லை.

ஊரிலிருந்து வருஷத்துக்கு இரண்டு முறை வந்து போகிறவர்கள் என்றால் சமாளிக்கலாம். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைக்க மற்ற வீட்டுக்காரர்கள் சம்மதித்தால் நல்லது. "மெதுவா வாங்கம்மா, உட்கார்ந்து வாங்க" என்று சொல்ல ஒரு இடம் வேண்டும் இல்லையா. படிக்கட்டில் கைப்பிடி ஆடாமல் இருக்கிறதா, ராத்திரி விளக்கு எரிகிறதா என்பதையும் பாருங்கள்.

குழந்தை என்றால் பால்கனி, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் உயரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தள்ளுவண்டியைக் கீழேயே பூட்டி வைக்க இடம் கேளுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

அட்வான்ஸ், அக்ரிமென்ட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

பத்து மாத அட்வான்ஸ் என்பது சென்னையின் பழைய பழக்கம். தமிழ்நாட்டின் 2017 ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தால் தவிர முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. அந்த "தவிர" வழியாகத்தான் இன்னமும் ஆறு மாதம், பத்து மாதம் என்று கேட்கிறார்கள். லிஃப்ட் இல்லாத வீட்டுக்கு ஆள் கிடைப்பது கஷ்டம் என்பது ஓனருக்கும் தெரியும். வாடகையில் இறங்காதவர் அட்வான்ஸில் இறங்குவார். தகராறு வந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ உரிமையாளர் நிறுத்தக் கூடாது என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது.

இந்த வகை வீட்டுக்கென்று தனியாக எழுத வேண்டியவை: மொட்டை மாடிச் சாவி உங்களிடம் ஒன்று, துணி காயப்போட உரிமை, ஒழுகினால் யார் சரி செய்வது, லாரித் தண்ணீர்ச் செலவு யாருடையது.

"அடுத்த வருஷம் லிஃப்ட் போடப் போகிறோம்" என்கிறார் ஓனர். நம்பலாமா?

வேண்டாம். வெளிப்பக்கமாக லிஃப்ட் வைக்க இடம் வேண்டும், அனுமதி வேண்டும், எல்லா வீட்டுக்காரர்களும் பணம் போட வேண்டும். தரைத்தளத்துக்காரர் ஏன் போடுவார்? போட்டுவிட்டால் வாடகையும் ஏறும், அதையும் நினைவில் வையுங்கள்.

"இன்னும் இரண்டு வருஷத்தில் இடித்துக் கட்டுவோம்" என்கிறாரே?

இது நடக்கக்கூடியது. பழைய அபார்ட்மென்ட்களைப் பில்டரிடம் கொடுத்து உயரமாகக் கட்டுவது இப்போது மாம்பலம், தி.நகர் பக்கம் எல்லாத் தெருவிலும் நடக்கிறது. முன்பு ஒருவர் முரண்டு பிடித்தாலே நின்றுவிடும். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 வந்த பிறகு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். வாடகைக்கு இருப்பவருக்கு அதில் ஓட்டு இல்லை.

அதற்காகப் பயந்து வீட்டை விட வேண்டியதில்லை. இரண்டு வருஷம் குறைந்த வாடகையில் இருந்துவிட்டுப் போகலாம். காலி செய்ய மூன்று மாதம் அவகாசம், அட்வான்ஸ் சாவி கொடுக்கும் அன்றே கையில் என்று எழுதிக்கொள்ளுங்கள். பெயின்டிங் சார்ஜ் பிடிக்கக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இடிக்கப் போகிற சுவருக்கும் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்கிற ஓனர்கள் இருக்கிறார்கள்.